வாத்தியாரம்மா பதில்கள்: சிப்பியில் தொடங்கி குச்சிக்கிழங்கு வரை

போன மாதம் என் பக்கத்தில் ஆறு வரி இடம் மிச்சமாகிறது, ஏதாவது துணுக்கு கொடுங்கள் என்றார் ஆசிரியர். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிக் கதையை எழுதிக் கொடுத்தேன். 1987 கடைசியில் அந்தத் தீவுச் சிப்பியைச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்புறம் தலைவலி, குழப்பம், சிலருக்கு வலிப்பு. இன்னும் சிலருக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்காமலே போய்விட்டது. பதிவான நோயாளிகள் 107 பேர், அதில் 12 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில். சிலர் இறந்தார்கள். சிப்பி தின்ற நுண்பாசியில் டொமோயிக் அமிலம் என்ற பொருள் இருந்தது. அது மூளையின் குளூட்டமேட் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து நரம்புச் செல்களைக் கொன்றிருந்தது.

ஆறு வரிக்கு நாற்பத்திரண்டு கடிதம். சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தும் வந்த கேள்வியெல்லாம் நம் வயல், நம் பஜார், நம் மலைப் பொருள்களைப் பற்றித்தான். இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. அந்த ஆறு வரியிலும் ஒரு தப்பு விட்டிருக்கிறேன், அது கடைசிக் கடிதத்தில் வருகிறது.

குளூட்டமேட் நம் மூளையிலேயே இருப்பது, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி கொண்டுபோவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். செய்தி கொண்டுபோகிற பொருளே எப்படி விஷமாகும்?
*பள்ளி ஆசிரியை, ஆத்தூர்*

டீச்சர், மருந்தியல் வகுப்பில் நான் வருஷா வருஷம் கேட்ட கேள்வி இது. கடைசி பெஞ்ச் ஒருத்தன் மட்டும் ஒருமுறை, "விருந்தாளி நல்லவர்தான் மேடம், போகாமல் உட்கார்ந்துவிட்டால்தான் தொல்லை" என்றான். அவனுக்கு அன்றைக்கே பாஸ் மார்க் போட்டிருக்க வேண்டும்.

ஒரு நரம்புச் செல் குளூட்டமேட்டை விடும். அடுத்த செல்லின் தோலில் இருக்கிற ஏற்பி அதைப் பிடித்துத் திறக்கும். சோடியம் உள்ளே பாயும், செல் விழிக்கும். உடனே பக்கத்துத் துணைச் செல்கள் மிச்சத்தை உறிஞ்சி இடத்தைத் துடைத்துவிடும். எல்லாம் கண் சிமிட்டுவதற்குள். மூளை இப்படித்தான் நினைக்கிறது, படிக்கிறது, உங்கள் பாடத்தையும் மனதில் வைக்கிறது.

இந்த ஏற்பிகளில் மூன்று வகை நமக்கு முக்கியம்: ஆம்பா, கைனேட், என்.எம்.டி.ஏ. எந்தப் பொருளைப் போட்டால் திறக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தப் பொருளின் பெயரையே வைத்துவிட்டார்கள். கைனிக் அமிலம் ஜப்பானில் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து வந்தது. நம் வீட்டில் வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுப்பது மாதிரி, அங்கே குழந்தைகளுக்கு அந்தப் பாசியைக் கொடுத்து வந்தார்கள். டொமோயிக் அமிலமும் முதலில் அறிமுகமானது இன்னொரு ஜப்பான் பாசியில், வயிற்றுப் பூச்சி மருந்தாகத்தான். அளவு எப்படி ஆளை மாற்றுகிறது பாருங்கள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது என்.எம்.டி.ஏ. அதைச் சொல்லித்தர நான் மாணவர்களை ரயில் ஏற்றுவேன், மனதளவில். சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர் பக்கம் போகிற வண்டியில் உட்கார்ந்தால் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு பெயர்ப்பலகை வரும், வெளியே வெள்ளை வெள்ளையாக மேடு தெரியும். உலைக்குச் செங்கல் செய்ய வெட்டி எடுத்த நம் வெள்ளைக்கல். அந்தக் கல்லில் இருக்கிற மேக்னீசியம்தான் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாயிலும் அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. 1984-ல் கண்டுபிடித்தார்கள். குளூட்டமேட் வந்து தட்டினால் மட்டும் இந்தக் கதவு திறக்காது. ஆம்பா வழியாகச் செல் ஏற்கெனவே விழித்து, உள்ளே மின்னழுத்தம் மாறினால்தான் மேக்னீசியம் நகர்ந்து கொடுக்கும். பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி போடுவது மாதிரி.

இவ்வளவு பந்தோபஸ்து எதற்கு? இந்தக் கதவு வழியாகக் கால்சியம் வருகிறது. செல்லுக்கு உள்ளே தனித்துத் திரிகிற கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துளி உள்ளே வந்தால் 'இதை ஞாபகம் வை' என்று அர்த்தம். வெள்ளமாக வந்தால் செல்லின் சொந்த என்சைம்களே அதன் சட்டகத்தை வெட்ட ஆரம்பிக்கின்றன, செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கி விழுங்கித் திணறி நின்றுபோகிறது. 1987-ல் டென்னிஸ் சோய் என்ற அமெரிக்க ஆய்வாளர், தட்டில் வளர்த்த நரம்புச் செல்களைச் சுமார் ஐந்து நிமிஷம் குளூட்டமேட்டில் வைத்துவிட்டுக் கழுவி எடுத்தார். மறுநாள் பார்த்தால் பெரும்பகுதி செத்துக் கிடந்தது. பொருளைக் கழுவிய பிறகும் சாவு தொடர்ந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. செத்த செல் உடைந்து தன்னிடம் இருந்த குளூட்டமேட்டையும் பக்கத்து வீட்டின் மேல் கொட்டும். அப்புறம் அதுவும்.

இனி வரும் கடிதங்களுக்காக ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். இந்தக் கதவைத் திறந்தே போட விஷத்துக்கு ஒரே வழி என்றில்லை. டொமோயிக் அமிலம் கள்ளச்சாவி. கதவைத் திறந்துவிடும், ஆனால் துணைச் செல்களால் அதைத் துடைத்து எடுக்க முடியாது. பாதரசம் நேர் எதிர், அது துடைக்கிறவர்களின் கையைக் கட்டிவிடும். சயனைடும் கார்பன் மோனாக்சைடும் செல்லைப் பட்டினி போடுகிறவை. சக்தி இல்லாவிட்டால் சோடியத்தை வெளியே தள்ளுகிற பம்ப் நிற்கும், மின்னழுத்தம் சரியும், மேக்னீசியம் பிடி விடும். அந்த நிலையில் தினமும் வருகிற சாதாரண அளவு குளூட்டமேட்டே செல்லைக் கொல்லும்.

தட்டுவடை செட்டில் அஜினமோட்டோ போடுகிறார்கள் என்கிறாள் மருமகள். அதுவும் குளூட்டமேட்தானாமே? பேரன் வாரத்தில் மூன்று நாள் தின்கிறான்.
*வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

அதேதான் அம்மா, சோடியத்தோடு சேர்ந்த குளூட்டமேட். தக்காளியிலும் தாய்ப்பாலிலும் கூட இருக்கிறது. சாப்பாட்டில் வருகிற குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துச் சக்தியாக்கிக் கொள்கின்றன. மிச்சத்தை மூளைக்குள் விடாமல் ரத்தக்குழாய்ச் சுவர் தடுக்கிறது.

மருமகள் சொல்வதற்கும் ஒரு வேர் உண்டு. 1957-ல், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இதை ஊசியாகப் போட்டபோது கண்ணின் விழித்திரை கெட்டது. 1969-ல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க மருத்துவர், அதே மாதிரி குஞ்சுகளின் மூளையில் ஒரு பகுதி செத்துப்போவதைக் காட்டினார். 'கிளர்ச்சியூட்டியே கொல்லுதல்' என்ற கருத்துக்கு பெயர் வைத்தவரும் அவர்தான். அதையொட்டி அமெரிக்காவில் குழந்தை உணவில் அதைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஆனால் அது ஊசி, பெரிய அளவு, பிறந்த குஞ்சு. உங்கள் பேரன் தின்பது தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும். அந்த எண்ணெயையும் அந்தக் கடையின் தண்ணீரையும் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கியபோது இரண்டு வெள்ளாடு தழையும் தோலும் தின்று அரை மணி நேரத்தில் விழுந்துவிட்டன. ஒன்று செத்துப்போச்சு. அதே கிழங்கைத்தான் நாங்களும் தின்கிறோம், மில்லுக்கும் போடுகிறோம். இதிலும் நரம்பைக் கொல்கிற சங்கதி உண்டா?
*விவசாயி, கெங்கவல்லி பக்கம்*

உண்டு, அய்யா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது.

என் ஆயா வீடு ஒரு சேகோ மில்லுக்கு (ஜவ்வரிசி ஆலை) இரண்டு காடு தள்ளி. கிழங்கு வண்டி நின்று 'பாயின்ட்' (மாவுச்சத்து அளவு) பார்த்து விலை பேசுகிற சத்தம் வாசலுக்குக் கேட்கும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் கருவாட்டி (கறுப்பு ஆடு, பெயர் நான் வைத்தது) உரித்துப் போட்ட தோலைத் தின்றுவிட்டுக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டார். "என்ன மருந்துங்க?" என்று தாத்தா கேட்டதற்கு, "ஹைப்போ. போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவுறதும் இதுதான்" என்றார். சோடியம் தயோசல்பேட். கருவாட்டி பிழைத்தது. ஸ்டுடியோ மருந்து எப்படி ஆட்டைக் காப்பாற்றும் என்று யோசித்துக்கொண்டே இருந்த பெண், கடைசியில் மருந்தியல் வாத்தியாரம்மாவாகி ரிட்டயரும் ஆகிவிட்டாள்.

விஷயம் இது. கிழங்கில் லினமாரின் என்று ஒன்று இருக்கிறது, அதைவிடத் தோலிலும் தழையிலும் கூடுதல். நசுங்கினால் கிழங்கிலேயே இருக்கிற ஒரு என்சைம் அதை உடைத்து சயனைடு ஆக்கும். அசை போடுகிற பிராணியின் வயிற்றில் அந்த வேலை வேகமாக நடக்கும். உடலில் கந்தகம் கையிருப்பு இருந்தால் சயனைடு தயோசயனேட்டாக மாறி மூத்திரத்தில் போய்விடும். ஹைப்போ கொடுப்பது அந்தக் கந்தகத்தைத்தான். உங்கள் ஆடு செத்தது மூச்சுச் சக்தி ஒரேயடியாக நின்றதால். மருத்துவர் வரும்வரை காத்திருக்கிற சாவில்லை அது. தழை, தோல் இரண்டையும் ஆடு எட்டாத இடத்தில் போடுவது ஒன்றுதான் வழி.

மனிதருக்கு வருவது வேறு மாதிரி, மெதுவாகச் சேர்ந்து திடீரென்று. ஆப்பிரிக்காவின் காங்கோவில் போபோகபாகா என்ற பகுதியில் ஒரு நோயைப் பார்த்து 1938-ல் ட்ரோல்லி என்ற மருத்துவர் எழுதினார். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'கொன்சோ'. கட்டிப்போட்ட கால் என்று பொருள். நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இன்று எழுந்து நின்றால் இரண்டு காலும் விறைத்து, முட்டி ஒன்றோடொன்று உரசி, பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி நடக்கும். பெரும்பாலும் குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும். அதற்குமேல் முற்றாது, குணமும் ஆகாது. 1981-ல் மொசாம்பிக்கில் மழை பொய்த்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. கசப்புக் கிழங்கு மட்டுமே சாப்பாடு, அதையும் நாள் கணக்கில் ஊறவைக்கப் பொறுக்க முடியாத பசி, பருப்போ மீனோ முட்டையோ இல்லாததால் உடலில் கந்தகமும் இல்லை. மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தபோதுதான் கால் போனது.

கொன்சோவில் அடிபடுவது மூளையிலிருந்து காலுக்கு உத்தரவு அனுப்புகிற செல்கள். டீச்சருக்குச் சொன்ன பட்டினிக் கதை இங்கே பொருந்துகிறது. சயனைடுக்கு அப்புறம் உருவாகிற தயோசயனேட்டே ஆம்பா ஏற்பியை உசுப்பிவிடுகிறது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஜவ்வரிசிக்கு வருவோம். மில்லில் தோல் உரித்து, அரைத்து, திப்பியைச் சலித்து, மாவைத் தொட்டியில் படியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, குருணையாக்கி, சூட்டில் வறுத்து, களத்தில் காயப்போடுகிறார்கள். லினமாரின் தண்ணீரில் கரையும், சயனைடு காற்றில் பறக்கும். இத்தனை படி தாண்டி பாயசத்துக்கு வரும்போது பயப்பட ஒன்றும் மிஞ்சாது. (அந்த மேல் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறீர்களா? ஓடை ஓரத்து ஊர்க்காரர்களின் மூக்கு சொல்லும். அது தனிக் கட்டுரை.)

வீட்டுக் கிழங்குக்கு ஆயாவின் முறை: தோலை ஆழமாக உரி, துண்டு போடு, பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவை, திறந்த சட்டியில் வேகவை, தண்ணீரைக் கொட்டிவிடு. "கொதிக்கிற தண்ணியில போடாதே" என்பாள். காரணம் அவளுக்குத் தெரியாது. கொதிநீரில் போட்டால் அந்த என்சைம் உடனே செத்துவிடும், லினமாரின் உடையாமல் கிழங்கிலேயே தங்கும் என்பது எனக்கு எம்.டி. படிக்கும்போதுதான் தெரிந்தது. மில்லுக்கென்று போட்ட ரகம் கசந்தால் அதைத் துப்பிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். காட்டில் பிள்ளைகள் பச்சையாகக் கடிக்கிற பழக்கம் வேண்டாம்.

கட்டுவிரியன் விஷமும் நரம்பு விஷம்தானே. அதுவும் இதே கதவா?
*கல்லூரி மாணவர், வாழப்பாடி*

இல்லை தம்பி. அது தசைக்குப் போகிற நரம்பின் நுனியில் வேலை செய்கிறது, அங்கே செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். மூளை விழித்திருக்கும், கண்ணிமை தொங்கும், மூச்சு நிற்கும். எட்டிக்கொட்டை இன்னொரு கதை, அது முதுகுத்தண்டில் பிரேக் போடுகிற கிளைசின் ஏற்பியை அடைக்கிறது. நரம்பு விஷம் என்று ஒரே பெயரில் பத்துக் கடை நடக்கிறது.

லீ பஜாரில் மொத்தமாகத் துவரம்பருப்பு வாங்குகிறேன். விலை குறைந்த மூட்டையில் கேசரிப் பருப்பு கலக்கிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அது காலை முடக்குமா?
*மெஸ் நடத்துபவர், சேலம்*

முதலில், இதற்கும் ரவா கேசரிக்கும் சம்பந்தமில்லை. நாற்பத்திரண்டு கடிதத்தில் நான்கு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள்!

மத்தியப் பிரதேசம், பிகார் பக்கம் மழை ஏமாற்றினாலும் விளைகிற பயறு இது. பஞ்சத்தில் எல்லாம் காய்ந்து இது மட்டும் நிற்கும், ஏழை வீட்டில் கூலியாகவும் இதையே அளப்பார்கள். மூன்று வேளையும் இதையே மாதக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால் விறைத்தது, பார்க்க அப்படியே கொன்சோ மாதிரி. அதில் இருக்கிற ஓடாப் என்ற அமிலத்தை 1964-ல் இந்திய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். கள்ளச்சாவி வகை, ஆம்பா ஏற்பிக்குப் பொருந்துகிறது. 1961-லேயே விற்பனைக்குத் தடை வந்துவிட்டது, ஆனாலும் பயிர் அடியோடு நிற்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் வாப்னியார்கா என்ற முகாமில் யூதக் கைதிகளுக்கு மாட்டுக்குப் போடுகிற இந்தப் பயறை வேகவைத்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கால் போனது. உள்ளே கைதியாக இருந்த ஆர்தர் கெஸ்லர் என்ற மருத்துவர்தான் காரணம் பயறு என்று கண்டுபிடித்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குக் குரல் கம்மும்.

உங்கள் மெஸ்ஸுக்கு: கைப்பிடி பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். துவரை உருண்டு இருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிந்து, முனை தெரிய, சின்னக் கோடரி மாதிரி சதுரமாக நிற்கும். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சாம்பாரில் கலந்த கொஞ்சம் பருப்பு யாருடைய காலையும் எடுத்துவிடாது, அதற்கு மாதக்கணக்கில் அதுவே சோறாக இருக்க வேண்டும். அதற்காகக் கலப்படக்காரனிடம் வாங்குவீர்களா என்ன?

எங்கள் தோட்டத்து நட்சத்திரப் பழத்தை உப்பு மிளகாய்த்தூள் தூவி ஏரிக்கரையில் விற்கிறோம். கிட்னிக்காரர்கள் சாப்பிடக்கூடாது என்று ஒரு டூரிஸ்ட் சண்டைக்கு வந்துவிட்டார். பழத்தில் என்ன விஷம் அக்கா?
*நாகலூர், ஏற்காடு*

அந்த டூரிஸ்ட் சொன்னது சரி, தங்கச்சி. சண்டை போட்டது வேண்டுமானால் தப்பு.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். மூன்று வருஷம் முன்னால் பேத்தியோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனவர், ஒண்டிக்கடை பக்கத்தில் இந்தப் பழம் ஒன்றை நறுக்கித் தின்றார். நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரம், பேத்தி போட்டோ எடுத்தாள். அன்று ராத்திரி விக்கல் ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை, சர்க்கரை தின்றும் நிற்கவில்லை. ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள், 'கேஸ்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மதியம் மனைவியை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அண்ணி எனக்குப் போன் போட்டாள். "என்ன சாப்பிட்டார்?" என்றேன். இட்லி, கஞ்சி, இளநீர் வேண்டாம் என்றார்கள் அதனால் இல்லை, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில், "நேத்து மலையில ஒரு புளிப்புப் பழம்" என்றாள். வேறிடத்தில் சேர்த்து அன்றே டயாலிசிஸ், தொடர்ந்து தினமும். நாலாம் நாள் பேத்தியின் பெயரைச் சரியாகச் சொன்னார்.

அந்தப் பழத்தில் காராம்பாக்சின் என்று ஒரு பொருள், 2013-ல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதுவும் குளூட்டமேட் ஏற்பிகளைத் திறக்கிற கள்ளச்சாவிதான். கிட்னி நன்றாக இருப்பவருக்குச் சிறுநீரில் போய்விடும், பொதுவாக ஒன்றும் ஆகாது. கிட்னி கெட்டவருக்கு ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறும். விக்கல், குழப்பம், வலிப்பு என்று போகும், சாவும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அரைப் பழமே போதும். கனடாச் சிப்பியிலும் மோசமாக அடிபட்டவர்களில் வயதானவர்களும் கிட்னி பழுதானவர்களும்தான் அதிகம். காரணமும் இதேதான், வெளியே போகிற வாசல் அடைத்திருந்தது.

வியாபாரத்தை விட வேண்டாம். தள்ளுவண்டியில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள், 'கிட்னி நோயாளிகள் சாப்பிட வேண்டாம்' என்று. எழுத்து பெரிதாக இருக்கட்டும், அண்ணன் கண்ணாடி போட மறந்துவிடுவார்.

ஏற்பியைத் திறப்பதுதான் குற்றம் என்றால், அடைக்கிற மருந்தைக் கொடுத்தால் முடிந்ததே மேடம்? ஏன் இன்னும் பக்கவாதத்தில் செல்கள் சாகின்றன?
*மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர், சேலம்*

கண்ணு, 1990-களில் உலகமே இப்படித்தான் நினைத்தது. எலியில் அற்புதமாக வேலை செய்த என்.எம்.டி.ஏ. அடைப்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாத நோயாளிகளிடம் தோற்றன. குளூட்டமேட் கொட்டுவது ஆரம்ப மணி நேரங்களில். எலிக்கு நிமிஷம் பார்த்து ஊசி போடலாம். எடப்பாடியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது அந்த நேரம் கடந்திருக்கும். அதோடு அந்த ஏற்பி கெட்ட ஏற்பியும் இல்லை. முழுசாக அடைத்தால் ஆள் பிதற்றுவார். தப்பிப் பிழைத்த செல்களுக்கு உயிரைப் பிடித்துவைக்கவும் அது வேண்டும்.

தேறிய மருந்துகள் பெரும்பாலும் அரைகுறையாக அடைப்பவை. மெமன்டைன், அளவுக்கு மேல் திறந்து கிடக்கிற கதவுக்குள் நுழைந்து சீக்கிரம் வெளியே வந்துவிடும். அல்சைமர் நோயில் கொஞ்சம் உதவுகிறது. ரிலுசோல், குளூட்டமேட் வெளிவருவதைக் குறைக்கிறது. ஏ.எல்.எஸ். (தசைக்கு உத்தரவு அனுப்புகிற நரம்புச் செல்கள் அழிகிற நோய்) நோயாளிக்குச் சில மாதம் கூட்டிக் கொடுக்கும். நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கிற கீட்டமைன் என்ற மயக்க மருந்தும் இதே கதவை அடைப்பதுதான். பிரசவ வார்டில் ஜன்னிக்கு மேக்னீசியம் சல்பேட் போடுகிறார்களே, அதன் வேலையிலும் இந்த அடைப்புக்கு ஒரு பங்கு இருக்கலாம். அடுத்த முறை சிஸ்டர் அந்த ஆம்பூலை உடைக்கும்போது மேக்னசைட் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

போன இதழில் 'சரியாக வேகாத சிப்பி' என்று எழுதியிருந்தீர்கள். வேகவைத்திருந்தால் விஷம் போயிருக்குமா?
*ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மேட்டூர்*

போயிருக்காது. டொமோயிக் அமிலம் சூட்டுக்குக் கெடாது, அந்த ஊர்க்காரர்கள் சிப்பியை வேகவைத்துத்தான் சாப்பிட்டார்கள். 'சரியாக வேகாத' என்பது நான் யோசிக்காமல் போட்ட வார்த்தை. கிழங்கு ஞாபகத்தில் கை எழுதிவிட்டது. தயவுசெய்து அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் அடித்துவிடுங்கள்.